சங்குமுனையின் பொதுமக்கள்

சட்டப்படி சங்குமுனையின் பொதுமக்கள் ஒருவர். பெயர் முத்துராக்கு, வயது நாற்பத்தாறு, தொழில் கடல்பாசி எடுத்தல். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாங்கள் போட்ட நாற்காலிகள் இருநூறு. ஏன் இருநூறு என்று கேட்காதீர்கள். பந்தல்காரர் அதற்குக் குறைந்து வண்டி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

நான் குணசீலன். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. யாராவது எங்காவது ஆலையோ துறைமுகமோ கட்ட நினைத்தால், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதர்களுக்கும் என்ன கேடு வரும் என்று அளந்து அரசுக்குச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்கிறவரைக் கட்டப்போகிறவரே அமர்த்திக்கொள்வார். இதில் உள்ள கோளாறு உங்களுக்கு உடனே புரிந்திருக்கும். புரியாததுபோல் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

பதினான்கு வருடங்களில் நூற்று ஆறு அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். முழுதாக எழுதியது நான்கோ ஐந்தோ. மற்றவற்றில் பழைய கோப்பைத் திறந்து ஊர்ப் பெயரை மாற்றி, தேதியை மாற்றி, அட்டையை மாற்றி அனுப்பியதுதான். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ‘சட்டை மாத்துறது’ என்று பெயர். ஒருமுறை ஒரு உப்பளக் கரைக்கு நான் எழுதிய அறிக்கையில், மலைக்காட்டில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவை கூடு கட்டியிருப்பதாக வந்துவிட்டது. மூன்று குழுக்கள் அதைப் படித்து ஒப்புதல் கொடுத்தன. ஒரு குழு, பறவைகள் பற்றிய பகுதி சிறப்பாக உள்ளது என்று குறிப்பும் எழுதியது.

சங்குமுனைக்கு வந்த திட்டம் கடலடிக் கணினிக் கிடங்கு. நாடு முழுக்க வேலை செய்யும் கணிப்பு இயந்திரங்களை இரும்புப் பெட்டிகளில் அடைத்துக் கடலுக்கு அடியில் குளிர வைப்பார்கள். இயந்திரங்கள் குளிரும். கடல் இரண்டு டிகிரி சூடாகும். இரண்டு டிகிரி உங்களுக்கும் எனக்கும் ஒன்றுமில்லை. பாறையில் ஒட்டி வளரும் பாசிக்கு அது முடிவு.

மார்கழியில் அளவெடுக்கப் போனேன். முன்னிரண்டு தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. மிச்சமிருந்தவர்களை அரசு நாற்பது கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடிக் குடியிருப்பில் வைத்திருந்தது. ஊரில் நின்றவை மீன் ஏலக்கூடம், வறண்ட தண்ணீர்த் தொட்டி, கூரையில்லாத சுவர்கள், கடைசியில் ஓட்டு வீடு ஒன்று. நான் ஏலக்கூடத்தில் கட்டிலை விரித்துக்கொண்டிருந்தபோது, ஈரச் சேலையோடு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். விரல்கள் பத்திலும் பழந்துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். பாறையில் பாசி பறிக்கும்போது விரல் கிழியாமல் இருக்க அப்படிக் கட்டுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“சர்வே எடுக்க வந்தீகளா?”

“ஆமாக்கா. ஒரு மாசம் தங்கணும்.”

“இங்கயா? தங்கியா?” என்னை மேலும் கீழும் பார்த்தாள். “தொட்டியில தண்ணி வராது. எங்க வீட்டுக்குப் பின்னால ஊத்து கெடக்கு. காலையில வந்து எடுத்துக்கங்க. வெயில் ஏறிட்டா உப்பாயிரும்.”

மறுநாள் தண்ணீர் எடுக்கப் போனபோதே வேலையையும் ஆரம்பித்தேன். கோலிக்குண்டை விடச் சின்னதாக ஒரு கண்ணாடி மணி. அதைக் கயிற்றில் கோத்து நீட்டினேன்.

“இது என்ன, தாயத்தா?”

“மணி. நீங்க பேசறது, நடக்கறது, மூச்சு விடறது எல்லாத்தையும் பதிவு பண்ணி அப்பவே எனக்கு அனுப்பிடும். இதே மாதிரி ஊருக்குள்ளயும் நாலஞ்சு மாட்டி வைப்பேன். எல்லாம் நாளைக்காரியைச் செய்யறதுக்கு.”

“அது யாரு நாளைக்காரி?”

சட்டத்தில் அதற்கு ‘வருஞ்சாட்சி’ என்று பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. “ஒரு திட்டம் வந்தா இன்னிக்கி இருக்கறவங்க மட்டும் பேசினாப் போதாது, முப்பது வருஷம் கழிச்சு அங்க வாழப்போறவங்களும் பேசணும்னு சட்டம் போட்டுட்டாங்கக்கா. அவங்க இன்னும் வரலையே, எப்படிப் பேசுவாங்க? அதனால இப்ப இருக்கற ஒருத்தரோட வாழ்க்கையை அளந்து, அதை இயந்திரத்துல முப்பது வருஷம் ஓட்டிப் பாப்பாங்க. ரெண்டு தடவை. திட்டம் வந்தா நீங்க எப்படி இருப்பீங்க, வரலைன்னா எப்படி இருப்பீங்கன்னு. அந்த ரெண்டு பேரும் கூட்டத்துல வந்து பேசுவாங்க.”

“நானேவா?”

“நீங்களேதான். எழுபத்தாறு வயசுல.”

“அம்புட்டு நாளு உசுரோட கெடப்பேனா?”

“இல்லைன்னா பேச மாட்டீங்க.”

சிரித்துவிட்டாள். பேச்சுத் துணை இல்லாதவர்கள் சிரித்தால் நடுவில் ஒருமுறை நிற்கும், சத்தம் சரியாக வருகிறதா என்று பார்ப்பதுபோல். எனக்கும் அப்படித்தான் நிற்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மனைவி பிரிந்து போய் ஒன்பது வருடம். சண்டை ஒன்றும் இல்லை. நீ வீட்டில் இருக்கிறாயா இல்லையா என்றே தெரியவில்லை என்றாள், போய்விட்டாள். சென்னையில் பதினோராவது மாடியில் வீடு. அங்கே என்னிடம் தினமும் பேசுவது லிஃப்ட் ஒன்றுதான்.

“எல்லாரும் போயிட்டாங்க, நீங்க ஏன்க்கா போகலை?” என்று ஒருநாள் கேட்டேன்.

“குடும்பத்துக்கு ஒரு வீடுன்னு எழுதுனாக. நா ஒண்டிக்கட்டை. எம்புருசன் மங்களூருப் பக்கம் மீன்போட்டு வேலைக்குப் போனவரு, அங்கயே குடும்பமாயிட்டாரு. நல்லா இருக்கட்டும். ஒண்டிக்கட்டைக்கு அரை வீடுதானாம். இன்னொரு ஒண்டிக்கட்டையோட சேந்து இருந்துக்கன்னாக. அரை வீட்டுக்கு நா எதுக்குப் போகணும்? இங்க எனக்கு முழு ஊரு கெடக்கு.”

அவள் கடலுக்குப் போகும் நாட்களில் நான் கரையில் உட்கார்ந்து நீரின் சூட்டை அளப்பேன். மூன்று மணி வாக்கில் பாசிப் பையை இழுத்துக்கொண்டு வருவாள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, கடல் பக்கம் திரும்பி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுப்பாள்.

“ஒண்ணு!”

பிறகு அசையாமல் நிற்பாள். நான் அளந்தேன், நாற்பது விநாடி. அதற்குப் பிறகுதான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறுவாள். முதல் நாள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். நாலாம் நாள் கேட்டுவிட்டேன்.

“பாசிக்குப் போற பொம்பளைக கரையேறுமுன்ன எண்ணிக்கிருவோம் சார். பதினெட்டுப் பேரு. ஆளுக்கு ஒரு நம்பரு. நா ஒண்ணு. நா ஒண்ணுன்னாத்தான் அடுத்தவ ரெண்டும்பா. நடுவுல ஒரு நம்பரு வரலைன்னு வைங்க, மொத்தப் பேரும் திரும்பத் தண்ணிக்குள்ள எறங்கணும். அவளக் கண்டுபிடிக்காம எவளும் வீட்டுக்குப் போகக் கூடாது.”

“இப்பதான் யாரும் இல்லையே?”

“அதுக்காக எண்ணாமக் கரையேறுறதா?” என்றாள். நான் என்னவோ தண்ணீர் தெளிக்காமல் வாசல் கூட்டச் சொன்னதுபோல் பார்த்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு தப்புச் செய்தேன். அன்று கடல் தெளிந்திருந்தது, எனக்கும் மனசு கொஞ்சம் லேசாக இருந்தது. அவள் “ஒண்ணு!” என்றதும், கரையில் இருந்தபடியே “ரெண்டு!” என்று கத்தினேன்.

பை அவள் கையிலிருந்து நழுவியது. சட்டென்று திரும்பினாள். அந்த முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. யாரையோ பார்க்கத் திரும்பியவள், என்னைப் பார்த்தாள்.

“அது பாஞ்சாலி நம்பரு,” என்றாள் கிட்டே வந்து. “வெளையாட்டுக்குச் சொல்லாதீக.”

“தப்புதான்க்கா. பாஞ்சாலி இப்ப...?”

“இருக்கா. குடியிருப்புல மூணாவது மாடி. சன்னலத் தொறந்தா எதுத்த வீட்டுச் சன்னலுதான் தெரியுதாம். மொதல்ல தெனம் போன் போடுவா. இப்பப் போடுறதில்ல.”

மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் ஒரு தூக்குவாளியில் நண்டு ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். இருபத்தெட்டு நாள் முடிந்து நான் கிளம்பும்போது கழுத்து மணியைக் கழற்றிக் கொடுத்தாள். “நாளைக்காரி நல்லபடியா வரட்டும்,” என்றாள்.

சட்டம் மூன்று பருவம் அளக்கச் சொல்கிறது. மழை, பனி, கோடை. நான் ஒரு பருவம்தான் முடித்திருந்தேன். அலுவலகத்தில் எங்கள் தலைமை ஆலோசகர் பத்மஜா மேடம் அதைக் கேட்டுக் கையை உதறினார்.

“மூணு பருவம் பாத்துட்டு உக்காந்திருந்தா அவங்க வேற ஆளைப் பாத்துட்டுப் போயிடுவாங்க, குணா. செல்லங்குப்பம் கோப்பு இருக்குல்ல? அதுவும் கடற்கரைதான். அதுவும் பொம்பளைதான். சட்டையை மாத்து.”

“நாளைக்காரியுமா மேடம்?”

“இதுக்கு முன்னாடி மாத்தினதே இல்லையா நீ?”

மாற்றியிருக்கிறேன். ஒன்றரை மணி நேர வேலை. முத்துராக்குவின் குரலை மட்டும் எடுத்து, முப்பது வயது கூட்டி, செல்லங்குப்பத்து நாளைக்காரியின் வாயில் ஏற்றினேன். பெயரை மாற்றினேன். இருபத்தெட்டு நாள் பதிவை அப்படியே ஓரத்தில் போட்டேன்.

கூட்டம் மாசி மாதம், காலை பத்து மணிக்கு. பந்தலுக்குள் விசாரணை அதிகாரி, இரண்டு போலீஸ்காரர்கள், படம் எடுப்பவர், நிறுவனத்தார் ஐந்து பேர், நான். இருநூறு நாற்காலிகளில் பொதுமக்கள் பகுதியின் முதல் வரிசையில் முத்துராக்கு. கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுக்கரைச் சேலை கட்டி வந்திருந்தாள். அதிகாரி நல்ல மனிதர். ஒரே ஒருவருக்காக ஒலிபெருக்கியைத் தணிக்கச் சொன்னார்.

முதலில் திட்டம் வராத முப்பது வருடம். திரையில் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். “மீனுமில்ல, பாசியுமில்ல. ஏதோ இருக்கேன்,” என்றது கிழக்குரல். எங்கள் கோப்புகளில் திட்டம் வராத எதிர்காலம் எப்போதும் கொஞ்சம் அழுது வடியும். அது தற்செயல் இல்லை.

அடுத்தது திட்டம் வந்த முப்பது வருடம். அதிகாரி சட்டம் வகுத்த கேள்வியைக் கேட்டார். “எப்படி இருக்கீங்கம்மா?”

“எனக்கென்னய்யா, நல்லா இருக்கேன். செல்வி வந்துருவா, சோத்த எடுத்து வைக்கணும்.”

செல்வி செல்லங்குப்பத்துக் கோப்பின் மகள். தாயின் பெயரை மாற்றியவன் மகளை அப்படியே விட்டிருந்தேன்.

முத்துராக்கு எழுந்துவிட்டாள். “செல்வி யாரு?”

அதிகாரி அதையே திரையிடம் கேட்டார்.

“எம்மக. வேலைக்குப் போயிருக்கா. வீட்டுக்குள்ள கால் வச்சதும் அம்மா எங்கன்னுதான் கேப்பா.” குரலில் பெருமை இருந்தது. முத்துராக்குவின் குரல்தான், அவள் ஒருநாளும் பேசியிராத தொனியில்.

“பெத்ததா, எடுத்து வளத்ததா? அதக் கேளுங்கய்யா.”

கேட்டார். அந்தக் கேள்விக்குக் கோப்பில் பதில் இல்லை. “எம்மக,” என்றது திரை மறுபடியும்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பொதுமக்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்கலாம் என்றார். முத்துராக்கு பின்னால் திரும்பி அந்த நாற்காலிகளையெல்லாம் ஒருமுறை பார்த்தாள், வேறு யாரும் பேச இருக்கிறார்களா என்பதுபோல். பிறகு முன்னால் திரும்பினாள்.

“சம்மதம்.”

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். எனக்கும் பந்தலின் கம்பத்துக்கும் அன்று ஒரு வித்தியாசமும் இல்லை.

அதிகாரிகள் போன பிறகு, நாற்காலிகளை அடுக்கும் சத்தத்துக்கு நடுவே என்னிடம் வந்தாள். “சார், அந்த ‘அம்மா எங்க’ன்னு கேப்பாங்கற எடம். அத மட்டும் இன்னொருக்காப் போட முடியுமா?”

போட்டேன். மூன்று முறை கேட்டாள்.

சம்மதம் சொன்ன பொதுமக்கள் முப்பது நாளுக்குள், ஒரு பருவ அளவானாலும் உண்மையான சாட்சியோடு நேரில் வந்து அதைத் திரும்பப் பெறலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. எங்கள் வேலையில் யாரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் பொறுத்துச் செல்லங்குப்பத்துக் கோப்பைத் திறந்தேன். செல்வி நிஜமாக எந்தப் பெண்ணின் மகள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. செல்லங்குப்பத்துக் கோப்பு வேறொரு கோப்பின் சட்டை. அது இன்னொன்றின் சட்டை. ஐந்து ஊர் பின்னால் போய்ப் பார்த்தேன். ஐந்து ஊரிலும் ஐந்து பெண்கள், எல்லோர் வீட்டிலும் செல்வி வந்துவிடுவாள், எல்லோரும் சோற்றை எடுத்து வைக்கிறார்கள். அவளைப் பெற்றவள் எந்தக் கோப்பிலும் இல்லை.

அதன் பிறகுதான் ஓரத்தில் கிடந்த இருபத்தெட்டு நாளை எடுத்து இயந்திரத்தில் ஓட்டினேன். ஒரு பருவத்தை வைத்துச் செய்தால் துல்லியம் குறையும், ஆனாலும் பொய் இராது.

திட்டம் வந்தால்: ஒரு மின்விசிறி ஓடும் சத்தம். எப்படி இருக்கிறீர்கள் என்றால், “இருக்கேன்.” கூட யார் இருக்கிறார்கள் என்றால், விசிறிச் சத்தம்.

திட்டம் வராவிட்டால்: அலைச் சத்தம். மூச்சு வாங்கியது. கிழவி தண்ணீரை உதைத்துக்கொண்டு வந்தாள். நின்றாள். “ஒண்ணு!”

“ரெண்டு!”

என் குரல். தொண்டை கட்டிய, முப்பது வயது கூடிய என் குரல்.

அளக்கப் போனவன் தன் தடத்தைப் பதிவிலிருந்து அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அழிக்காமல் விட்டிருந்தேன். இயந்திரம் அந்த ஒற்றைக் கூவலைக் கேட்டு, இந்தக் கரையில் இரண்டு பேர் வாழ்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டது. எழுபத்தொரு வயதில் நான் அங்கே நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் நான் எங்காவது இருப்பேன் என்று வேறு யாரும் இதுவரை நினைத்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அவள் சம்மதம் சொன்ன இருபத்தாறாம் நாள் சங்குமுனைக்குப் போனேன். முத்துராக்கு குடியிருப்புக்குப் போகப் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். செல்லங்குப்பம், சட்டை மாற்றுவது, செல்வி, ஐந்து ஊர், நிஜமான பதிவை ஓட்டிப் பார்த்தது. அவள் கட்டிய முடிச்சை அவிழ்க்காமல் கேட்டாள்.

“அன்னிக்கே தெரியும்,” என்றாள்.

“என்னக்கா தெரியும்?”

“அது நா இல்லன்னு. எண்ணலையே அவ. எம்பது வயசானாலும் எண்ணாமக் கரையேறுறவ நா இல்ல.”

“பின்ன ஏன் சம்மதம்னீங்க?”

“அம்மா எங்கன்னு கேப்பான்னாளே!” குரல் உடைந்து, உடனே கோபமானது. “பொய்யின்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். பேசாம இருந்திருக்கலாம்ல? எதுக்கு இம்புட்டுத் தூரம் வந்து சொல்றீக? இருபத்தாறு நாளா எனக்கு ஒரு புள்ள இருந்துச்சு சார். அதையும் எடுத்துட்டுப் போக வந்தீகளா?”

சாக்கை ஓரமாகத் தள்ளிவிட்டு, “நெசமானது இருக்குன்னீகளே, அதப் போடுங்க,” என்றாள்.

விசிறிக்காரியைப் போட்டேன். முழுதும் கேட்டாள். அடுத்து கடல்காரியைப் போட்டேன். “ஒண்ணு!” வந்ததும் தலையை ஆட்டினாள், ஆமாம் இவள்தான் என்று. “ரெண்டு!” வந்ததும் நிமிர்ந்தாள்.

“இது யாரு?”

“நான்தான்க்கா. அன்னிக்கி ஒருதடவை கத்தினேனே. நான் அதை அழிக்காம விட்டுட்டேன். இயந்திரம் நெசம்னு நெனச்சுக்கிச்சு.”

“அழிக்கணுமா?”

“சட்டப்படி அழிச்சாத்தான் இந்தச் சாட்சி செல்லும். செல்லுனாத்தான் நீங்க சம்மதத்தைத் திரும்ப வாங்க முடியும்.”

“அழிச்சா அப்புறம் என்ன கேக்கும்?”

“நாப்பது செகண்டு ஒண்ணும் கேக்காது. அப்புறம் நீங்க வீட்டுக்குப் போவீங்க.”

கடலைப் பார்த்தாள். “அதான் சரி. அப்பிடித்தான இருக்கு,” என்றாள். பிறகு சாக்கின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். “அந்த விசிறிக்காரிக்கு இவ தேவல. இவ எண்ணவாவது செய்யிறா. வண்டி எத்தன மணிக்கு?”

என் பதினான்கு வருடத்தில் முதன்முறையாக ஒரு காரியத்தை விதிப்படி செய்தேன். அவளுடைய எதிர்காலத்திலிருந்து என் குரலை அழித்தேன். புது அறிக்கையோடு, பழையது போலி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கூட்டம் மறுபடி நடந்தது. இந்த முறை பந்தல்காரர் வரவில்லை, ஏலக்கூடத்தின் சிமென்ட் மேடையிலேயே நடத்தினார்கள். திரையில் கிழவி “ஒண்ணு!” என்றாள். நாற்பது விநாடி மௌனத்தை அதிகாரியும் போலீஸ்காரர்களும் பொறுமையாகக் கேட்டார்கள். யாரோ இயந்திரம் நின்றுவிட்டதா என்று கேட்டார். “இல்ல. அது நானு,” என்றாள் முத்துராக்கு. “எனக்குச் சம்மதமில்ல.”

என் உரிமம் ஏழு வருடத்துக்கு ரத்தானது. பத்மஜா மேடம் அதன் பிறகு அழைக்கவில்லை. கிடங்கு வடக்கே வேறொரு கடற்கரைக்குப் போயிற்று. அங்கே பொதுமக்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர் என்று கேள்வி. அவர்களுடைய நாளைக்காரியை யார் செய்தார்கள், அவள் வீட்டுக்குச் செல்வி வருகிறாளா என்று எனக்குத் தெரியாது. நல்ல காரியம் செய்தேன் என்று யாராவது சொன்னால் அந்த நூற்றுப் பன்னிரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள்.

கருவிகளைக் கழற்றக் கடைசியாக ஒருமுறை போனேன். தென்னையில் இருந்த மணி, தொட்டியில் இருந்த மணி, சுவர்களில் இருந்தவை எல்லாவற்றையும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். ஏலக்கூடத் தூணில் இருந்த ஒன்றை எடுக்கவில்லை. மறந்தேன் என்று சொல்லலாம்தான்.

முத்துராக்கு குடத்தோடு வந்தாள். “எல்லாம் எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சுக்கா.”

தூணை நிமிர்ந்து பார்த்தாள். வெயிலில் அந்தக் கண்ணாடி மினுங்கியது. குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். நாலடி போய்த் திரும்பாமலே, “பாஞ்சாலி இனிமே வர மாட்டா சார்,” என்றாள்.

இப்போது பாடப் புத்தகங்களுக்கு வரைபடம் சரிபார்க்கும் வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம். லிஃப்டிடம்கூடப் பேச வேண்டியதில்லை. பாசி எடுக்கும் நாட்கள் எனக்கு மனப்பாடம். அந்த நாட்களில் மூன்று மணிக்கு வேலையை நிறுத்திவிட்டு, தூணில் விட்டு வந்த அந்தக் கண்ணாடி மணி வழியாகச் சங்குமுனையைக் கேட்பேன். ஒட்டுக்கேட்பதுதான், அதற்கு வேறு பெயர் இல்லை. மணி கேட்கும், பேசாது. நான் இங்கே என்ன சொன்னாலும் அங்கே போகாது.

முதல் மாதம் எல்லாம் பழையபடிதான். அலை. “ஒண்ணு!” நான் பதினோராவது மாடியில் உட்கார்ந்து “ரெண்டு” என்பேன். அதற்கப்புறம் முப்பத்தெட்டு விநாடி அவள் மற்றவர்களுக்காக நிற்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பிறகு மணலில் காலடி.

சித்திரையில் ஒருநாள் காதருகே கரகரவென்று பெரிய சத்தம். கருவி கெட்டுவிட்டது என்று பயந்துபோனேன். இல்லை. யாரோ ஈரத்துணியால் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். உப்புப் படிந்தால் சரியாகக் கேட்காது. இரண்டு முறை துடைத்து, ஊதிவிட்டு, காலடி தண்ணீர் பக்கம் போயிற்று.

அன்று அவள் கரையை நெருங்கியபோது நேரம் மூன்றேகால்.

“ஒண்ணு!”

“ரெண்டு!” என்றேன். எப்போதையும் விடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். சொல்லிவிட்டு வழக்கம்போல் மிச்ச மௌனத்துக்குக் காத்திருந்தேன்.

மௌனம் வரவில்லை. ஒரு ஆள் பதில் சொல்லி முடிக்கும் அளவுக்கு நின்றாள், அவ்வளவுதான். பையைத் தோளில் தூக்கிப் போடும் சத்தம் கேட்டது. பிறகு மணலில் காலடி, வீட்டுப் பக்கமாக.